போர்க்காலத்தில் எதிர்க்கட்சி



நாடு போரில் இறங்கிவிட்டால் எதிர்க்கட்சி என்ன செய்ய வேண்டும்? அரசாங்கத்தின் பின்னால் வாய்மூடி நிற்பதே நாட்டுப்பற்று என்பர் சிலர். அந்தப் போரே தவறானது என்று தோன்றினால்? 1956-ஆம் ஆண்டின் சூயஸ் நெருக்கடியைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

சூயஸ் கால்வாய் நமக்கு அந்நியமானதன்று. அக்காலத்தில் மலாயா ரப்பர் பிரிட்டனுக்குச் சென்ற கடல்வழி அதுவே. 1956 ஜூலை 26-ஆம் நாள் எகிப்திய அதிபர் நாசர் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமை ஆக்கினார். அப்போது பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சியின் ஆட்சி. பிரதமர் அந்தோணி ஈடன். எதிர்க்கட்சியான தொழிற்கட்சிக்குத் தலைவர் ஹியூ கெயிட்ஸ்கெல்.

ஆகஸ்ட் 2-ஆம் நாள் நாடாளுமன்றத்தில் கெயிட்ஸ்கெல் நாசரைக் கடுமையாகக் கண்டித்தார். அதே உரையில், ஐக்கிய நாடுகள் சாசனத்தை மீறிப் படைபலத்தைப் பயன்படுத்தலாகாது என்றும் எச்சரித்தார்.

அக்டோபர் 29-இல் இஸ்ரேல் எகிப்தைத் தாக்கியது. இரு தரப்பையும் விலக்கி வைக்கப் போவதாகக் கூறி, பிரிட்டனும் பிரான்சும் அக்டோபர் 31-இல் எகிப்திய விமான நிலையங்களைக் குண்டு வீசித் தாக்கின.

அவ்வேளையில் எதிர்க்கட்சி மூன்று பணிகளைச் செய்தது. முதலாவது, கேள்வி கேட்டது. முறைப்படி போர் அறிவிக்கப்பட்டதா என்ற வினாவுக்கு நேரான விடை கிடைக்காததால், நவம்பர் 1-இல் அவையில் பெரும் அமளி. சபாநாயகர் கூட்டத்தை அரைமணி நேரம் நிறுத்தி வைத்தார். இரண்டாவது, மக்களிடம் சென்றது. நவம்பர் 4-இல் டிரபால்கர் சதுக்கத்தில் கூடிய பெருங்கூட்டத்தில் அனூரின் பீவன் போரை எதிர்த்துப் பேசினார். மூன்றாவது, மாற்றுவழி காட்டியது. அதே நாளில் பி.பி.சி.யில் ஈடனுக்குப் பதிலுரைத்த கெயிட்ஸ்கெல், ஆட்சியைத் தம் கட்சிக்குக் கேட்கவில்லை. புதிய பிரதமர் ஒருவர் வந்து போரை நிறுத்தினால், அதற்குத் தொழிற்கட்சி துணை நிற்கும் என்றார்.

படைவீரர் களத்தில் நிற்கும்போது இப்படிப் பேசலாமா என்று பலர் சினந்தனர். ஆனால் வீரனைப் பழிப்பது வேறு. அவனை அனுப்பிய முடிவை ஆராய்வது வேறு.

நவம்பர் 6-இல் போர் நின்றது. எதிர்க்கட்சி மட்டுமே அதை நிறுத்திவிடவில்லை. அமெரிக்காவின் நெருக்குதலும், பவுன் நாணயம் ஆட்டங்கண்டதும், உலக நாடுகளின் கண்டனமும் முக்கியக் காரணங்கள். இஸ்ரேலின் தாக்குதலை முன்னரே அறிந்திருக்கவில்லை என்று டிசம்பர் 20-இல் ஈடன் அவையில் கூறினார். உண்மையோ வேறு. பிரான்சில் செவ்ர் என்னும் ஊரில் அக்டோபர் மாதமே மூன்று நாடுகளும் இரகசிய உடன்பாடு செய்திருந்தன. எதிர்க்கட்சியின் ஐயம் வீண் ஐயமன்று என்பது பின்னாளில் தெளிவாயிற்று.

இதனால் அக்கட்சிக்கு வாக்குகள் குவிந்தனவா? இல்லை. 1959 தேர்தலில் தொழிற்கட்சி தோற்றது.

பிரிட்டனில் எதிர்க்கட்சித் தலைவருக்கு 1937 முதல் பொதுப் பணத்திலிருந்து சம்பளம் வழங்கப்படுகிறது. ஆட்சியை நோக்கிக் கேள்வி கேட்பதும் நாட்டுப் பணியே என்பது அதன் பொருள். அமைதிக்காலத்தில் அக்கேள்வி தவறினால் பணம் விரயமாகலாம். போர்க்காலத்தில் தவறினால் உயிர்கள் அல்லவா போகும்? நேயர்களே, சிந்தித்துப் பாருங்கள்.