இ-பேர்டில் பறவைப் பட்டியல்

சத்தியமங்கலத்தில் பறவை பார்க்கும் நண்பர்களுக்குள் எங்களுக்கு ஒரு போட்டி உண்டு: ஆண்டு முடிவதற்குள் ஈரோடு மாவட்டத்தில் யார் அதிக வகைப் பறவைகளைப் பார்ப்பது? கணக்கு வைக்க நோட்டு வேண்டாம். 2002ல் அமெரிக்காவில் தொடங்கிய இ-பேர்ட் இணையதளம் போதும். இலவசம்தான்.

முதலில் உங்கள் பெயரில் கணக்கு தொடங்குங்கள். பார்த்த இடம், தேதி, நேரத்தைக் கொடுங்கள். பறவையின் பெயருக்கு எதிரே எண்ணிக்கையை டைப் செய்யுங்கள். ஆண்டுக் கணக்கையும் மாவட்டத்தில் யார் முந்துகிறார் என்பதையும் அதுவே காட்டும்.

கடைசியில், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் சேர்த்தீர்களா என்று கேட்கும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கண்ட பாறு கழுகை மட்டும் போட்டு, காகத்தையும் மைனாவையும் விட்டிருந்தால் ‘இல்லை’ என்று கொடுங்கள். அனைத்தையும் சேர்த்து ‘ஆம்’ கொடுத்தால்தான், பட்டியலில் இல்லாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்பது ஆய்வாளர்களுக்குத் தெரியும். பனங்காடை குறைந்து வருவதை 2023ம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை இத்தகைய பட்டியல்களைக் கொண்டே கண்டறிந்தது.

2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு வாசலில் 15 நிமிடம் நின்று எண்ணினாலே போதும். உங்கள் முதல் பட்டியலை அன்றே தொடங்கலாமே!