41 வருஷம் வாசித்த கிட்டாரிஸ்ட்டுக்கு ஏன் மேடையில் இடமில்லை? ஜூடாஸ் ப்ரீஸ்ட் – டவுனிங் மோதலின் கதை

நீலகிரியில் ஹெவி மெட்டல் கேட்பவர்களுக்குக் கச்சேரி என்றால் அது பெங்களூருதான். 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் வந்ததும் அங்கேதான், 2011 அக்டோபர் 30-ல் மெட்டாலிகா வந்ததும் அங்கேதான். ஊட்டியிலிருந்து முதுமலை, குண்டல்பேட்டை, மைசூரு வழியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். திரும்பி வருவதில்தான் சிக்கல். 2009-லிருந்து பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை. கச்சேரி முடிந்து கிளம்பினால், கேட் திறக்கும் வரை வழியில் எங்கேயாவது டீக்கடையில் உட்கார வேண்டியதுதான்.

அப்படி விடிய விடிய உட்காரும்போது மெட்டல் ரசிகர்கள் சண்டை போட்டுக்கொள்ள எத்தனையோ விஷயங்கள் உண்டு. அவற்றில் பத்து வருஷத்துக்கு மேலாக ஓயாத ஒன்று, ஜூடாஸ் ப்ரீஸ்ட் இசைக்குழுவுக்கும் அதன் முன்னாள் கிட்டாரிஸ்ட் கே.கே.டவுனிங்குக்கும் இடையிலான மனஸ்தாபம். "அவராத்தானே போனார்?" என்பது ஒரு கட்சி. "41 வருஷம் உழைச்சவரைத் திரும்பக் கூப்பிட்டா என்ன?" என்பது இன்னொரு கட்சி.

என்னதான் நடந்தது?

யார் இந்த ஜூடாஸ் ப்ரீஸ்ட்?

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பக்கத்தில் இருக்கும் வெஸ்ட் பிராம்விச் என்ற ஊரில் 1969-ல் தொடங்கிய பேண்ட். 1970-ல் அதில் சேர்ந்தவர்கள் கிட்டாரிஸ்ட் கே.கே.டவுனிங்கும் பேஸ் கிட்டாரிஸ்ட் இயன் ஹில்லும். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள், சின்ன வயதுச் சிநேகிதர்கள். பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் 1973-லும், இரண்டாவது கிட்டாரிஸ்ட் கிளென் டிப்டன் 1974-லும் வந்து சேர்ந்தார்கள். அதே வருஷம் முதல் ஆல்பம் வெளியானது.

அந்த வட்டாரம் முழுக்க இரும்பு உருக்காலைகளும் பட்டறைகளும்தான். அரவங்காடு கார்டைட் ஃபேக்டரியை நம்பி வளர்ந்த குடியிருப்புகளைப் பார்த்தவர்களுக்கு, தொழிற்சாலை நேரத்துக்கு நடக்கும் ஊர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே இரும்புப் பட்டறை இருந்ததையும், அந்தச் சத்தத்தோடு வளர்ந்ததையும் ஹால்ஃபோர்ட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1980-ல் வந்த இவர்களுடைய புகழ்பெற்ற ஆல்பத்தின் பெயரே 'பிரிட்டிஷ் ஸ்டீல்'.

டவுனிங் ஏன் அவ்வளவு முக்கியம்?

நாதஸ்வரக் கச்சேரியில் இரட்டை நாயனம் பார்த்திருப்பீர்கள். ஒருவர் ஒரு பிடி பிடித்தால் மற்றவர் அதற்குப் பதில் சொல்வார், சில இடங்களில் இருவரும் சேர்ந்தே போவார்கள். டவுனிங்கும் டிப்டனும் கிட்டாரில் செய்தது ஏறக்குறைய அதுதான். இரண்டு கிட்டார்களும் சரிசமமாக முன்னால் நிற்கும் இந்தப் பாணி, பின்னால் வந்த மெட்டல் பேண்ட்களுக்கெல்லாம் இலக்கணம் ஆனது. தோல் உடையும் இரும்புக் குமிழ்களுமாக மேடையேறும் வழக்கத்தைப் பரப்பியதும் இந்தக் குழுதான்.

பெரும்பாலான பாடல்களில் எழுதியவர்கள் என்று மூன்று பெயர்கள் இருக்கும்: ஹால்ஃபோர்ட், டவுனிங், டிப்டன். அதாவது டவுனிங் சம்பளத்துக்கு வந்து வாசித்தவர் இல்லை, அந்தப் பாட்டுகளை உருவாக்கியவர்களில் ஒருவர்.

2011-ல் என்ன ஆனது?

2010 டிசம்பரில், 'எபிடாஃப்' என்ற பெயரில் உலகச் சுற்றுப்பயணம் போகப்போவதாகக் குழு அறிவித்தது. இதுதான் கடைசிப் பெரிய டூர் என்றும் சொன்னார்கள். ஆனால் டூர் தொடங்கும் முன்பே, 2011 ஏப்ரலில், டவுனிங் விலகிவிட்டார் என்ற செய்தி வந்தது. ஓய்வு பெறுகிறார் என்றது குழு. குழுவில் சிலரோடும் நிர்வாகத்தோடும் சேர்ந்து வேலை செய்வது கொஞ்ச காலமாகவே சரிவரவில்லை என்று டவுனிங் தன் பங்குக்குச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 59.

அவர் இடத்துக்கு வந்தவர் 31 வயது ரிச்சி ஃபாக்னர். கடைசி டூர் என்று சொன்ன குழு, புது ஆள் கொடுத்த உற்சாகத்தில் ஓய்வையே மறந்துவிட்டது. 2014-ல் புது ஆல்பம், அப்புறம் இன்னொரு டூர் என்று வண்டி ஓடியது. மூடப்போகிற கடை என்று நினைத்து வெளியே வந்தவருக்கு, கடை முன்னைவிட ஜோராக நடப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

பழைய காயம் திரும்பக் கிளறப்பட்டது எப்போது?

2018 பிப்ரவரியில். பத்து வருஷத்துக்கு முன்பே தனக்கு பார்கின்சன்ஸ் நோய் கண்டறியப்பட்டதை டிப்டன் அப்போதுதான் வெளியே சொன்னார். இனி முழு டூர் போக முடியாது, முடிந்தபோது வந்து சில பாடல்கள் மட்டும் வாசிப்பேன் என்றார். அடுத்த மாதம் 'ஃபயர்பவர்' ஆல்பம் வெளியாக வேண்டும், டூரும் தயார். ஒரு கிட்டாரிஸ்ட் அவசரமாகத் தேவை.

ரசிகர்களில் பலர் டவுனிங்கைத்தான் எதிர்பார்த்தார்கள். குழு கூப்பிட்டதோ, அந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஆண்டி ஸ்னீப்பை. தன்னைக் கேட்கக்கூட இல்லையே என்று அதிர்ந்துபோனதாக டவுனிங் அறிக்கை விட்டார். அதோடு நிற்கவில்லை. ஆல்பத்தில் ஸ்னீப்பின் பங்கு தயாரிப்பைத் தாண்டியும் இருந்திருக்கலாம் என்ற தொனியில் ஒரு வார்த்தை விட்டார். டிப்டன் வாசிக்கவே இல்லையோ என்று பலர் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். குழு உடனே மறுத்தது, ஸ்னீப்பும் மறுத்தார். தான் சொன்னது தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று டவுனிங் விளக்கம் கொடுத்தார். நோயோடு போராடுகிற பழைய ஜோடியைப் பற்றி இந்த நேரத்தில் இப்படிப் பேசலாமா என்ற கசப்பு மட்டும் தங்கிவிட்டது.

அந்த இரண்டு கடிதங்கள்

அதே 2018-ல் டவுனிங்கின் சுயசரிதை 'ஹெவி டியூட்டி' வந்தது. குழுவுக்குள் டிப்டனின் கை ஓங்கியிருந்ததையும், நிர்வாகத்தோடு இருந்த உரசலையும், மேடை நிகழ்ச்சிகளின் தரத்தில் தனக்கிருந்த அதிருப்தியையும் அதில் எழுதியிருந்தார்.

எல்லாவற்றையும்விட முக்கியமான தகவல் ஒன்றையும் அவரே பிற்பாடு சொன்னார். 2011-ல் அவர் கொடுத்தது ஒரு ராஜினாமா கடிதம் இல்லை, இரண்டு. முதல் கடிதம் மரியாதையாக, நன்றி சொல்லி எழுதியது. இரண்டாவது கடிதத்தில் மனசுக்குள் இருந்த கோபத்தையெல்லாம் கொட்டிவிட்டார். 2018-ல் தன்னைக் கூப்பிடாததற்கு அந்த இரண்டாவது கடிதம்தான் காரணமாக இருக்கும் என்பது அவருடைய கணிப்பு.

குழுவின் பக்க நியாயம் என்ன?

அதுவும் லேசுப்பட்டதில்லை. ஒருவர் தானாக விலகுகிறார், டூருக்கு டிக்கெட் விற்றாகிவிட்டது. அந்த நெருக்கடியில் வந்து தோள் கொடுத்தவர் ஃபாக்னர். பல வருஷம் கழித்து பழையவர் வருகிறேன் என்றால், இத்தனை நாள் இருந்தவரின் நிலை என்ன? 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த ஒரு கச்சேரியின்போது ஃபாக்னருக்கு இதயத்தின் பெரிய ரத்தக்குழாயே கிழிந்தது. அப்படியும் வாசித்து முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவசர அறுவை சிகிச்சையில் பிழைத்தார். அப்படிப்பட்ட ஒருவரை 'மாற்று ஆள்' என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

குழு சறுக்கிய இடமும் உண்டு. 2022 ஜனவரியில், ஸ்னீப் இல்லாமல் ஒரே கிட்டாருடன் நான்கு பேராக டூர் போகிறோம் என்று அறிவித்தார்கள். இரட்டை கிட்டாருக்கே பேர்போன குழு இப்படிச் செய்யலாமா என்று ரசிகர்கள் பொங்க, சில நாட்களிலேயே முடிவை மாற்றி ஸ்னீப்பைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். தன்னுடைய 40 வருஷ உழைப்புக்கு இவ்வளவுதான் மதிப்பா என்ற வருத்தம் அப்போதும் டவுனிங்கிடமிருந்து வெளிப்பட்டது.

விலகியவர் கையில் என்ன மிஞ்சும்?

இதை நீலகிரிக் கணக்கில் சொன்னால் சுலபமாகப் புரியும். சிறு விவசாயி பச்சைத் தேயிலையை ஃபேக்டரிக்குக் கொடுக்கிறார். எடை போட்டு விலை கொடுத்ததும் அவருடைய உரிமை முடிந்தது. அப்புறம் அது தூளாகி, குன்னூர் ஏலத்துக்குப் போய், யாரோ ஒருவரின் பிராண்ட் பெயரோடு கடைக்கு வரும். அந்தப் பாக்கெட் எத்தனை விற்றாலும் கொழுந்து கொடுத்தவருக்கு மறுபடி காசு கிடையாது.

பாட்டு அப்படியில்லை. எழுதியவர் குழுவைவிட்டுப் போனாலும், அந்தப் பாட்டு விற்கும்போதும் ஒலிபரப்பாகும்போதும் மேடையில் வாசிக்கப்படும்போதும் அவருக்கு ராயல்டி உண்டு. நிலம் மாதிரி அந்த உரிமையை விற்கவும் முடியும். டவுனிங்கின் கோல்ஃப் மைதானத் தொழில் நொடித்த பிறகு, 136 பாடல்களில் அவருக்கிருந்த ராயல்டி உரிமை 2018-ல் விற்பனைக்கு வந்தது.

ஆனால் பிராண்ட் பெயர் வேறு கதை. 'ஜூடாஸ் ப்ரீஸ்ட்' என்ற பெயரில் மேடையேறுவது இன்றைய குழுதான். போனவர் பாட்டைத் தன் மேடையில் வாசிக்கலாம், அந்தப் பெயரோடு வாசிக்க முடியாது. இதே தகராறு அமெரிக்காவின் குவீன்ஸ்ரைக் குழுவில் கோர்ட் வரைக்கும் போனது. 2012-ல் பாடகர் ஜெஃப் டேட் வெளியேற்றப்பட்ட பிறகு, ஒரே பெயரில் இரண்டு பேண்ட்கள் ஓடின. 2014-ல் சமரசம் ஆனபோது பெயர் மற்றவர்களுக்குப் போனது. 'ஆபரேஷன் மைண்ட்க்ரைம்' ஆல்பங்களை முழுசாக மேடையில் நிகழ்த்தும் உரிமை மட்டும் டேட்டுக்குக் கிடைத்தது.

நம்ம ஊரில் இப்படி நடந்ததில்லையா?

2017-ல் எஸ்.பி.பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது, அனுமதியில்லாமல் தன் பாடல்களைப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது நினைவிருக்கும். அந்தப் பயணத்தில் ராஜா பாடல்களைப் பாடமாட்டேன் என்று எஸ்.பி.பி. அறிவித்தார். சட்டம் ஒரு பக்கம் இருக்க, ரசிகர்களை வருத்தியது நாற்பதாண்டு நட்பு நோட்டீஸ் அளவுக்குப் போனதுதான். 2019 ஜூனில் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். அடுத்த வருஷம் செப்டம்பரில் எஸ்.பி.பி. காலமானார். அந்தச் சமாதானம் ஒரு வருஷம் தள்ளிப்போயிருந்தால் நடந்தே இருக்காது.

எல்லாப் பிரிவும் சண்டையில் முடிவதில்லை என்பதற்கு மலைக்கு அந்தப் பக்கம் ஓர் உதாரணம் உண்டு. கொச்சியின் மதர்ஜேன் குழுவில் கர்னாடக சங்கீதத்தின் கமகங்களை ராக் கிட்டாரில் கொண்டுவந்தவர் பைஜு தர்மஜன். 2010-ல் விலகித் தனி வழியில் போனார். அவர் தன் இசையைத் தொடர்ந்தார், குழுவும் வேறு கிட்டாரிஸ்ட்டோடு தொடர்ந்தது.

மறுபடி சேரவே இல்லையா?

ஒரே ஒரு ராத்திரி சேர்ந்தார்கள். 2022 நவம்பர் 5, லாஸ் ஏஞ்சலீஸ். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அமைப்பு ஜூடாஸ் ப்ரீஸ்ட்டுக்கு விருது கொடுத்த மேடை. ஹால்ஃபோர்ட், ஹில், டிப்டன், ஃபாக்னர் எல்லோரும் இருக்க, டவுனிங்கும் கிட்டாரோடு ஏறினார். மூன்று பாடல்களைத் தொகுத்து வாசித்தார்கள். டிப்டனும் டவுனிங்கும் பல வருஷத்துக்குப் பிறகு ஒரே மேடையில். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர்கள் நிறைய.

ஆகவில்லை. 2024 மார்ச்சில் வந்த 'இன்வின்சிபிள் ஷீல்டு' ஆல்பத்தில் டவுனிங் இல்லை, தொடர்ந்த டூரிலும் இல்லை. அவரோ 2020-லேயே 'கேகேஸ் ப்ரீஸ்ட்' என்று தனிக்குழு தொடங்கிவிட்டார். பாடுபவர், ஹால்ஃபோர்ட் இல்லாத காலத்தில் ஜூடாஸ் ப்ரீஸ்ட்டுக்குப் பாடிய டிம் 'ரிப்பர்' ஓவன்ஸ். 2021-ல் ஒரு ஆல்பம், 2023-ல் இன்னொன்று.

அந்தப் பக்கம், 1970-ல் டவுனிங்கோடு சேர்ந்து குழுவுக்குள் வந்த இயன் ஹில் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார். ஜூடாஸ் ப்ரீஸ்ட்டின் எல்லா ஆல்பங்களிலும் இடம்பெற்றிருப்பது அவரும் டிப்டனும் மட்டும்தான். பால்ய சிநேகிதர்களில் ஒருவர் கோபத்தில் லெட்டர் எழுதிவிட்டு வெளியே வந்தார், இன்னொருவர் உள்ளேயே இருந்துவிட்டார். யார் செய்தது சரி?

அதற்குப் பதில் தெரியாமல்தான் ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பெங்களூருக்கு எந்த பேண்ட் வந்தாலும் பந்திப்பூர் கேட் 9 மணிக்குச் சாத்திவிடும். காலை 6 மணி வரை நேரம் இருக்கிறது, பேசலாம்.