கேடயம் உடைய வேண்டும்

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, ஒருவர் கதையை நடத்த, பகடை முடிவைச் சொல்லும் ஆட்டங்களுக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அவற்றின் மூத்த பிள்ளை. அன்று தொடங்கிய ஒரு வழக்கு இன்னும் தீரவில்லை: கையில் கேடயம் வைத்திருப்பவனுக்கு விதிப்புத்தகம் என்ன தர வேண்டும்? அடி படாமல் தடுப்பதா, பட்ட அடியின் வேகத்தைக் குறைப்பதா, இரண்டுமா? எந்தக் கணக்கு நிஜத்துக்கு நெருக்கமானது என்றே பெரும்பாலும் வாதிடுகிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, கேடயத்தைப் பயன்படுத்த ஆட்டக்காரர் என்ன விலை கொடுக்கிறார் என்பது. விலை கேட்காத கேடயம், விதி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், காகிதத்தில் எழுதி மறந்துபோகும் ஓர் எண்தான்.

முதல் விடை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தந்தது. அங்கே கவசமும் கேடயமும் சேர்ந்து ‘ஆர்மர் கிளாஸ்’ என்ற ஒரே எண்ணாகின்றன. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கேடயம் அதில் 2 கூட்டும். எதிரி இருபது முகப் பகடையை உருட்டி, தன் திறனுக்கான எண்ணை (5 என்று வைப்போம்) சேர்த்து அந்த எண்ணை எட்டினால் அடி விழும். ஆர்மர் கிளாஸ் 16 உள்ளவன்மேல் நூற்றுக்கு 50 வீச்சுகள் படும். கேடயம் எடுத்தால் 40. அதாவது அடியில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. முழு இரும்புக் கவசத்தோடு 18இல் நிற்பவனுக்கு 40 என்பது 30 ஆகிறது. குறைவது நான்கில் ஒரு பங்கு. கவசமே இல்லாமல் 10இல் நிற்பவனுக்கோ 80 என்பது 70 ஆகும். குறைவது எட்டில் ஒரு பங்குதான். ஏற்கெனவே இரும்புக்குள் இருப்பவனுக்குத்தான் கேடயம் அதிகம் உதவுகிறது. ஐரோப்பியப் போர் வரலாறு இதற்கு நேர் எதிர். கவசம் வாங்க வசதியற்றவனுக்குக் கேடயமே கதியாக இருந்தது; பதினைந்தாம் நூற்றாண்டில் உடல் முழுவதையும் மூடும் தகட்டுக் கவசம் தேர்ச்சி பெற்றபோது, அதை அணிந்து தரையில் போரிட்ட வீரர்கள் பெரும்பாலும் கேடயத்தைக் கைவிட்டு இரு கையாலும் ஆயுதம் பிடித்தார்கள்.

அப்படியானால் விழுந்த அடியிலிருந்து சில புள்ளிகளைக் கழித்துவிடலாமே என்பது இரண்டாவது வழி. கேட்க நன்றாக இருக்கும். கணக்கு போட்டால் பல் இளிக்கும். கேடயம் ஒவ்வோர் அடியிலும் 3 கழிக்கும் என்று வைப்போம். குத்துவாளுக்கு ஒரு நான்கு முகப் பகடை. அதில் 4 விழுந்தால் மட்டும் 1 புள்ளி உள்ளே போகும். மற்ற மூன்று முகங்களும் வீண். இரண்டு ஆறு முகப் பகடை உருட்டும் பெரிய வாளோ சராசரி 7இலிருந்து 4க்கு இறங்கி, தன் வலிமையில் பாதிக்கு மேல் வைத்துக்கொள்கிறது. கவசத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தும். தகட்டின்மேல் குத்துவாள் சறுக்கத்தான் செய்யும். கேடயத்தின் வேலை வேறு. அது வரும் வீச்சின் பாதையில் போய் நிற்க வேண்டும். லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸில் உள்ள, 1300ஆம் ஆண்டை ஒட்டிய வாள்பயிற்சிச் சுவடியின் படங்களில், சிறு வட்டக் கேடயம் ஓயாமல் இடம் மாறி வாள் பிடித்த கையைக் காக்கிறது. சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் கேடயம் அதில் இல்லை.

இந்த வேறுபாட்டை முதலில் விதியாக்கிய ஆட்டங்களில் முக்கியமானது, 1978இல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட ‘ரூன்குவெஸ்ட்’. அதை வடிவமைத்தவர்களில் முதன்மையான ஸ்டீவ் பெரின், பிரம்பு ஆயுதங்களோடு இடைக்காலப் போரை நிகழ்த்திப் பார்க்கும் சங்கத்தின் தொடக்ககால உறுப்பினர். அடிப்பவர் ஒரு பகடை உருட்ட, தடுப்பவர் இன்னொன்று உருட்டுவார். தடுப்பைத் தாண்டியதைக் கவசம் கழிக்கும். நிஜத்துக்கு நெருக்கம்தான். ஆனால் இருவரும் 90 விழுக்காடு தேர்ந்தவர்களானால், நூறு வீச்சில் தடுபடாமல் இறங்குவது ஒன்பதுதான். வல்லவர்கள் மோதும்போது சண்டை நீண்டுகொண்டே போகும். தடுப்பது செலவில்லாத காரியமாக இருக்கும்வரை யார்தான் தடுக்காமல் விடுவார்?

செலவு எதுவாக இருக்கலாம் என்பதற்கு வரலாற்றிலேயே குறிப்பு உண்டு. ஐஸ்லாந்தின் ‘கோர்மாக் சாகா’ விவரிக்கும் விதிமுறைச் சண்டையில் ஆளுக்கு மூன்று கேடயங்கள். மூன்றும் நொறுங்கியபின் ஆயுதத்தால்தான் தடுக்க வேண்டும். வைக்கிங் காலக் கேடயம் மெல்லிய மரப்பலகைதான். உடைவது அதன் இயல்பு. 2019இல் பைசோ வெளியிட்ட ‘பாத்ஃபைண்டர்’ இரண்டாம் பதிப்பு இதைப் பிடித்துக்கொண்டது. ஒரு சுற்றில் கிடைக்கும் மூன்று செயல்களில் ஒன்றைக் கொடுத்தால்தான் கேடயம் உயர்ந்து ஆர்மர் கிளாஸில் 2 கூட்டும். உயர்த்திய பின்னும் அடி பட்டால், சுற்றுக்கு ஒரு முறை மட்டும் கிடைக்கும் எதிர்வினையைச் செலவழித்துத் தடுக்கலாம். இரும்புக் கேடயத்தின் கடினம் 5, உயிர்ப்புள்ளி 20. 12 புள்ளி அடி வந்தால் 5 கழியும். மிச்சம் 7 வீரனுக்கும் விழும், கேடயத்துக்கும் விழும். கேடயம் 13க்கு இறங்கும். அதே போல இன்னோர் அடி வாங்கினால் 6. 10ஐத் தொட்டாலே உடைந்ததாகக் கணக்கு, பழுதுபார்க்கும்வரை பயன்படாது. ஆக, ஒவ்வோர் அடிக்கும் ஒரு கேள்வி: இதை என் உடம்பு தாங்கட்டுமா, கேடயமும் பங்குபோடட்டுமா?

மறுப்புகள் உண்டு. உயிர்ப்புள்ளி என்பது சதையும் ரத்தமும் மட்டுமல்ல, அதிர்ஷ்டமும் போர்த்திறனும் சேர்ந்தது என்று கைகாக்ஸ் 1979இலேயே எழுதிவிட்டார். அப்படிப் பார்த்தால் ஒரே எண்ணுக்குள் கேடயத்தை அடக்குவதில் முரண் இல்லை. உண்மைதான், முரண் இல்லை. ஆட்டக்காரருக்கு வேலையும் இல்லை. அடுத்தது, கேடயத்துக்கும் புள்ளிக்கணக்கு வைத்தால் ஆட்டம் மந்தமாகும் என்பது. ஆறு பேர் சண்டையில் இது நியாயமான கவலை. மூன்றாவது இன்னும் கூர்மையானது: விலையுயர்ந்த மந்திரக் கேடயம் உடையும் என்றால், அதைத் தடுக்கப் பயன்படுத்தவே கை வராது. பாத்ஃபைண்டரில் இது நடக்கவும் செய்தது. 2023இல் தொடங்கிய திருத்தப் பதிப்பு, கேடயத்தை உறுதியாக்கும் மந்திரக் குறிகளைச் சேர்த்தது. ஆனால் கடைசி இரண்டு மறுப்புகளும் விலையின் அளவைக் குறை சொல்கின்றனவே தவிர, விலை வேண்டாம் என்று நிரூபிக்கவில்லை.

மலிவாகவும் வேகமாகவும் விலை வைக்க முடியும் என்பதற்குப் பழைய பாணி ஆட்டக்காரர்களிடையே 2008 முதல் பரவிய ஒரு வீட்டுவிதியே சாட்சி. அடி விழுந்ததும் ஆட்டக்காரர் ‘கேடயம் சிதறட்டும்’ என்று அறிவிக்கலாம். அந்த அடி முழுவதும் ரத்து, கேடயம் போயிற்று. கூடுதல் பகடை இல்லை, கழித்தல் இல்லை, குறிப்பேடும் இல்லை. சில காசு பெறும் மரக் கேடயத்தை விட்டுக்கொடுப்பது எளிது. தேடிப் பெற்ற மந்திரக் கேடயத்தை விடுவது கடினம், அந்தத் தயக்கம் உயிர் ஊசலாடும் நேரத்தில் வருவதால் ஆட்டத்துக்குச் சுவைதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதல் பதிப்பின் கேடயம் தந்த 5 விழுக்காட்டை ஆட்டக்காரர் உணர்ந்திருக்கவே முடியாது. எதை இழந்து எதைக் காப்பது என்று அவரை முடிவெடுக்க வைக்கும் விதி, ஒற்றை வரியாக இருந்தாலும், கேடயத்துக்கு உரிய வேலையை அதற்குத் தந்துவிடுகிறது.