சீமை அத்தியும் பேச்சிப்பாறை மழையும்

அரிதாய் நிகழும் ஒன்றை ‘அத்தி பூத்தாற்போல’ என்று கூறுவது தமிழ் மரபு. உண்மையில் அத்தி தவறாது பூக்கின்றது. அப்பூதான் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நாம் காய் என்று கருதும் உருண்டையின் உட்சுவரில் நுண்மலர்கள் பல செறிந்திருக்கின்றன. காயின் நுனியிலுள்ள சிறு துளையே அம்மலர்க் கூட்டத்திற்கு வாயில். இத்துளையை நினைவில் வைத்தல் வேண்டும். பேச்சிப்பாறையில் சீமை அத்தி வளர்க்க முற்படுவோரின் இடர்களுள் பல இதன் வழியாகவே நுழைகின்றன.

அத்தி என்று பொதுவாகச் சொன்னாலும், நம் நாட்டு அத்தி வேறு, உண்பதற்காகப் பயிரிடப்படும் சீமை அத்தி வேறு. நாட்டு அத்தியைச் சங்கச் சான்றோர் ‘அதவம்’ என்றனர். குறுந்தொகையின் 24ஆம் பாட்டில் பரணர் காட்டும் அதவம் ஆற்றங்கரையில் நிற்பது. அதன் கனியை மிதித்துக் குழைப்பவை நண்டுகள். நீரருகே வாழும் மரம் அது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. சீமை அத்தியோ மேற்கு ஆசியாவிலும் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிலும், குளிர்காலத்து மழையும் வறண்ட நெடுங்கோடையும் மாறிமாறி வரும் நிலத்தில் வளர்ந்தது. திருக்குர்ஆனின் 95ஆம் அத்தியாயம் ‘அத்தீன்’ என இக்கனியின் பெயரையே தாங்கி நிற்கின்றது. அத்தியும் ஒலிவமும் அங்கே ஒருசேர எண்ணப்படுவதன் பொருத்தத்தை, அவ்விரு மரங்களும் பக்கம் பக்கமாய் வளரும் நிலத்தைக் கருதினால் எளிதில் உணரலாம்.

வளைகுடா நாடுகளிலிருந்து திரும்புவோர் கொண்டுவரும் உலர்ந்த அத்தியைச் சுவைத்தவர்கள், அதனைத் தம் விளையிலேயே வளர்க்க விரும்புவது இயல்பு. ஆனால் பேச்சிப்பாறையின் வானம் வேறு வகையானது. கோதையாற்றின் குறுக்கே திருவிதாங்கூர் அரசு பொறியாளர் மிஞ்சினைக் கொண்டு 1906இல் அணையைக் கட்டி முடித்தது இம்மலைச் சாரலின் மழையை நம்பியே அன்றோ! தமிழ்நாட்டின் ஏழு வேளாண் தட்பவெப்ப மண்டலங்களுள் ‘அதிக மழை மண்டலம்’ என்ற பெயர் குமரி மாவட்டத்திற்கே உரியது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பொழிகின்றன.

அம்மழை அத்திக்கு இழைக்கும் தீங்கு இரண்டு. முதலாவது துரு நோய். இலையின் அடிப்புறத்தில் பழுப்பு நிறப் புள்ளிகள் தோன்றி, இலை மஞ்சளித்து உதிர்கின்றது. இலையிழந்த மரத்தில் காய் இனிப்பேறாது. இரண்டாவது, பழுக்கும் தறுவாயில் மழை பெய்தால் கனி வெடிக்கும். முன்னர்க் குறித்த துளை வழியே நீரும் சிறு வண்டுகளும் புகுந்து உள்ளே புளிக்கச் செய்யும். மாங்காயைப் போல முன்னதாகப் பறித்துப் பழுக்க வைக்கலாமே எனில், அதுவும் இயலாது. பறித்தபின் அத்தி இனிப்பேறுவதில்லை. மரத்திலேயே கனிதல் வேண்டும்.

இதற்கு மாராட்டிய மாநிலத்துப் புனே மாவட்டத்தின் புரந்தர் வட்டாரம் நல்ல பாடம் தருகின்றது. 2016இல் புவிசார் குறியீடு பெற்ற அத்தி அங்கு விளைவது. அவ்வூர் உழவர்கள் கோடையில் கிடைக்கும் விளைச்சலை ‘மீட்டா பஹார்’ என்றும், மழைக்காலத்து விளைச்சலைக் ‘கட்டா பஹார்’ என்றும் வழங்குகின்றனர். முன்னது இனிப்பு, பின்னது புளிப்பு. நம்மைவிட மழை குறைந்த நிலத்தார்க்கே மழைக்காலக் கனி புளிப்பாகிவிடுகின்றது என்றால், நாம் நாடவேண்டியது எந்தப் பருவம் என்பது விளங்கும்.

அத்தி புதிய தளிர்க் கிளையில் காய்ப்பது. ஆகவே கிளைகளை வெட்டிவிடும் காலமே காய்க்கும் காலத்தைத் தீர்மானிக்கின்றது. பிஞ்சு முதிர்ந்து கனிய நான்கைந்து திங்கள் ஆகும். புரட்டாசி, ஐப்பசியில் கவாத்து செய்தால், மழை ஓய்ந்த மாசி, பங்குனியை ஒட்டிக் கனிகளைப் பெற முயலலாம். ஆனால் தளிர் விடுங்கால் வடகிழக்கு மழை நிற்கும். துருவைத் தடுக்க அப்போது ஒரு விழுக்காடு போர்டோ கலவை வேண்டும். ரப்பர் மரத்துக்கு மழைக்கு முன் இக்கலவையைத் தெளித்துப் பழகிய குமரி உழவர்க்கு இது புதிதன்று. 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, நீற்றிய சுண்ணாம்பு ஒரு கிலோ என்பது கணக்கு. கலவையில் முக்கிய இரும்புக் கத்தியில் செம்பு படிந்தால் மேலும் சுண்ணாம்பு சேர்த்தல் வேண்டும்.

நீர் தேங்கும் தாழ்நிலம் ஆகாது; சரிவிலோ மேடு கட்டியோ நடுதல் நலம். வேரில் முடிச்சு உண்டாக்கும் நூற்புழுவைத் தாங்க நாட்டு அத்தியை வேர்ச்செடியாகக் கொண்டு அதன்மேல் சீமை அத்தியை ஒட்டுக் கட்டும் முறையும் உண்டு. பரணர் கண்ட ஆற்றங்கரை மரமே அயல்நாட்டு விருந்தினனைத் தாங்குவது நயமானதுதான்!

அத்திக்குள் பூச்சி இருக்குமே என்ற ஐயம் சிலர்க்கு எழும். நாட்டு அத்தியில் சிறு குளவிகள் புகுந்து மகரந்தம் சேர்ப்பதால் அவ்வையம் நேரியதே. சீமை அத்தியிலும் ஸ்மிர்னா இனத்திற்குக் குளவி இன்றியமையாதது. ஆனால் புனே அத்தி போன்ற பொது இனங்கள் மகரந்தச் சேர்க்கையின்றியே கனிகின்றன.

இவ்வளவு பாடுபட்டும் பேச்சிப்பாறையில் அத்தி, வீட்டுக்கு நாலு கனி தரும் செல்ல மரமாகவே நிற்கும் என்பது என் கருத்து. விளையை நம்பி வாழ்வோர், அதே குடும்பத்தைச் சேர்ந்த பலாவையும் அயினியையும் ஈரப்பலாவையும் முதலில் எண்ணுதல் தகும். இவற்றுக்கு இம்மழை பகையன்று, உணவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பேச்சிப்பாறையில் நடத்தும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் பெயராலேயே ஒரு பலா வகை வழங்குகின்றது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழையும் இம்மாவட்டத்ததே.

ரம்புத்தான் நடுவோர் விதைக் கன்றை நாடலாகாது. விதையில் முளைத்தது ஆண் மரமாகிப் பல்லாண்டு உழைப்பை வீணாக்கக் கூடும். மொட்டு ஒட்டிய கன்றே வேண்டும். மங்குஸ்தானில் இதற்கு நேர்மாறு. அதன் விதை மகரந்தச் சேர்க்கையின்றி உருவாவதால் கன்று தாய் மரத்தையே ஒத்திருக்கும். ஆனால் அது காய்க்க ஏழெட்டு ஆண்டுகளேனும் ஆகும். தண்டு நட்ட அத்தியோ இரண்டோர் ஆண்டில் காய் காட்டிவிடும். இவ்வேறுபாடே பலரையும் அத்தியின்பால் இழுக்கின்றது. மங்குஸ்தானின் ஆணிவேரில் பக்க வேர்கள் மிகக் குறைவு. ஆதலால் கன்றை மண்கட்டி உடையாமல் எடுத்து நட்டு, முதல் சில ஆண்டுகள் தென்னை அல்லது வாழையின் நிழலிலேயே வைத்திருத்தல் வேண்டும். ஒருமுறை நட்டபின் அதனை இடம் மாற்றலாகாது.