மகளிர் விடுதி வாடகைக்கு ஜி.எஸ்.டி. உண்டா? நீதிமன்றம் சொன்னதும், பெற்றோர் கேட்க வேண்டியதும்

பாளையங்கோட்டையில் உள்ள ஒரு கல்லூரியில் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றதும் வீட்டில் முதலில் மகிழ்ச்சி. அடுத்த நிமிடமே கேள்வி: பிள்ளை எங்கே தங்குவாள்? ஏர்வாடி, பத்தமடை, பொட்டல்புதூர், கடையநல்லூர் என்று எந்த ஊராக இருந்தாலும் இந்தக் கேள்வி மாறுவதில்லை. தினமும் பஸ்ஸில் போய் வந்தால் நாளில் பாதி வழியிலேயே போய்விடும். நகரத்தில் தனியாக வீடு எடுத்துக் கொடுக்க வசதி இல்லை. கல்லூரி விடுதியில் இடம் குறைவு. கடைசியில் மிஞ்சுவது தனியார் மகளிர் விடுதிதான்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கும் இதே நிலைதான். ஆசிரியை, செவிலியர், லேப் டெக்னீஷியன், வங்கி ஊழியர், ஜவுளிக்கடை விற்பனையாளர் என்று திருநெல்வேலிக்கு வரும் பெண்களில் பலர் நான்கைந்து பேர் பகிர்ந்துகொள்ளும் ஓர் அறையில்தான் தங்குகிறார்கள். அந்த அறையின் வாடகை கூடினால், முதலில் கைவிடப்படுவது பெண்ணின் படிப்பு அல்லது வேலை. பல குடும்பங்களில் இதுதான் நடக்கிறது.

இந்த வாடகையின் மீது அரசு வரி போடலாமா என்பது சில ஆண்டுகளாக நீதிமன்றங்களில் நடந்த வழக்கு. சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. அதன் பலன் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் உண்டு. ஆனால் அதை அறிந்த பெற்றோர் குறைவு.

பிரச்சினை எங்கே தொடங்கியது?

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோதே, குடியிருப்பதற்காக வீட்டை வாடகைக்கு விடுவதற்கு வரிவிலக்கு தரப்பட்டது. சொந்தக் குடும்பத்தோடு குடியிருக்க வாடகை வீடு எடுக்கும் ஒருவர் அந்த வாடகைக்கு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியதில்லை. இது தவிர, லாட்ஜ், விடுதி போன்ற இடங்களில் ஒரு நாள் கட்டணம் 1,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் அதற்கும் தனி விலக்கு இருந்தது. மகளிர் விடுதிகளின் நாள் கணக்கு பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான் என்பதால், அவற்றுக்கு வரி வருமா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழவில்லை.

2022 ஜூலை 18 முதல் அந்த 1,000 ரூபாய் விலக்கு நீக்கப்பட்டது. மலிவான தங்குமிடங்களுக்கும் 12 சதவீத வரி வந்தது. உடனே கேள்வி எழுந்தது. மகளிர் விடுதி என்பது ஹோட்டல், லாட்ஜ் வகையா, குடியிருப்பு வகையா? ஹோட்டல் வகை என்றால் வரி உண்டு. குடியிருப்பு என்றால் முதலில் சொன்ன விலக்கு பொருந்தும்.

தமிழ்நாட்டில் மகளிர் விடுதி நடத்துபவர்கள் சிலர் ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு ஆணையத்திடம் விளக்கம் கேட்டார்கள். ஒரு தொழிலுக்கு வரி உண்டா இல்லையா என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வதற்கான அமைப்பு அது. விடுதி என்பது குடியிருப்பு வீடு ஆகாது, அது வணிக நோக்கில் தரப்படும் சேவை, எனவே வரி கட்ட வேண்டும் என்று 2023இல் ஆணையம் சொன்னது. இதை எதிர்த்து விடுதி நடத்துபவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

மாதம் 6,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டு 12 சதவீதத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 720 ரூபாய். ஆண்டுக்கு 8,640 ரூபாய். ஒன்றரை மாத வாடகைக்குச் சற்றுக் குறைவான தொகை. வரியைக் கட்டுபவர் விடுதி உரிமையாளர் என்றாலும், அந்தப் பணம் வருவது பெண்ணின் சம்பளத்திலிருந்தோ அவளது வாப்பாவின் பையிலிருந்தோதான்.

உயர் நீதிமன்றம் என்ன சொன்னது?

2024 மார்ச் 22 அன்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி இந்த வழக்குகளில் தீர்ப்பளித்தார். முன்தீர்ப்பு ஆணையத்தின் உத்தரவுகள் ரத்து செய்யப்பட்டன. மாணவிகளும் வேலைக்குப் போகும் பெண்களும் தங்கும் விடுதி குடியிருப்பு என்ற விலக்குக்குள் வரும் என்று நீதிமன்றம் சொன்னது.

தீர்ப்பின் மையக் கருத்து எளிமையானது. வரிவிலக்கு அறிவிப்பில் “குடியிருப்பாகப் பயன்படுத்த” என்றுதான் இருக்கிறது. அது குடியிருப்பா இல்லையா என்பதை வாடகைக்கு விடுபவரின் பார்வையிலிருந்து பார்க்கக் கூடாது. அங்கே வசிப்பவரின் பார்வையிலிருந்து பார்க்க வேண்டும். உரிமையாளருக்கு அது தொழிலாக இருக்கலாம். ஆனால் அந்தப் பெண் அங்கேதான் தூங்குகிறாள், சாப்பிடுகிறாள், துணி துவைக்கிறாள், படிக்கிறாள். மாதக்கணக்கில் அதுதான் அவளுடைய இருப்பிடம். ஒரு நாள் இரண்டு நாள் தங்கிப் போகும் லாட்ஜோடு அதை ஒப்பிட முடியாது.

நியாயத்தின் கண்ணால் பார்த்தாலும் இது சரிதான். மாதம் 50,000 ரூபாய் வாடகையில் பெரிய வீடு எடுத்துக் குடியிருக்கும் குடும்பத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அறையில் ஒரு கட்டிலுக்கு 5,000 ரூபாய் கொடுக்கும் பெண்ணுக்கு மட்டும் வரி என்றால், வசதி குறைந்தவர் மீது கூடுதல் சுமை ஏற்றுவதாகத்தானே ஆகும்?

பெங்களூரு வழக்கும் உச்ச நீதிமன்றமும்

இதே கேள்வி இதற்கு முன்பே கர்நாடகத்தில் எழுந்தது. பெங்களூருவில் ஒரு கட்டடத்தை அதன் உரிமையாளர்கள் ஒரு நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். அந்த நிறுவனம் அதை மாணவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் விடுதியாக நடத்தியது. வாடகைக்கு எடுத்த நிறுவனம் அங்கே குடியிருக்கவில்லை, எனவே விலக்கு கிடையாது என்று வரித்துறை வாதிட்டது. 2022 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கட்டடத்தில் கடைசியாக யார், எதற்காக இருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம் என்றது. வரித்துறை மேல்முறையீடு செய்தது. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கர்நாடகத் தீர்ப்பை உறுதிசெய்தது. விலக்கின் நோக்கமே குடியிருப்பவர் மீது வரிச்சுமை விழக் கூடாது என்பதுதான் என்ற பார்வைக்கு இதன்மூலம் வலு கிடைத்தது.

ஜி.எஸ்.டி. கவுன்சிலின் முடிவு

நீதிமன்றத் தீர்ப்போடு விஷயம் நிற்கவில்லை. 2024 ஜூன் 22 அன்று கூடிய 53ஆவது ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்தில், கல்வி நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் விடுதிகளுக்கும் பொருந்தும்படி தனியாக ஒரு விலக்கு தர முடிவானது. அது 2024 ஜூலை 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதற்கு இரண்டு நிபந்தனைகள்:

1. தங்கும் கட்டணம் ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது.

2. தொடர்ந்து குறைந்தது 90 நாட்களுக்கு அந்தச் சேவை தரப்பட வேண்டும்.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரத்தில் படிக்கும், வேலை பார்க்கும் பெண்கள் கொடுக்கும் வாடகை இந்த வரம்புக்குள் எளிதாக அடங்கிவிடும். இரண்டாவது நிபந்தனைதான் கவனிக்க வேண்டியது. ஒரு மாதப் பயிற்சிக்கோ, போட்டித் தேர்வுக்கு முன் சில வாரங்களுக்கோ தங்கும் பெண் இந்த விலக்குக்குள் வரமாட்டாள். லாட்ஜ் போல ஓரிரு நாள் தங்குபவர்கள் இந்தச் சலுகையைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்ட நிபந்தனை அது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவே தேவையில்லை. 25 பெண்கள் தலா 6,000 ரூபாய் கொடுக்கும் விடுதியின் ஆண்டு வருமானம் 18 லட்சம். உரிமையாளருக்கு வேறு தொழில் வருமானம் இல்லையென்றால், அப்படிப்பட்ட சிறு விடுதிக்கு வரி என்ற பேச்சே வராது.

ரசீதைப் பாருங்கள்

ஆகவே, மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் பிள்ளையின் வாடகை ரசீதில் ஜி.எஸ்.டி. என்று ஒரு தொகை இருந்தால் தயங்காமல் காரணம் கேளுங்கள். வரி வாங்கும் விடுதியின் ரசீதில் 15 இலக்க ஜி.எஸ்.டி. பதிவு எண் இருக்க வேண்டும். பதிவு எண் இல்லாமல் வரி என்று பணம் வாங்க யாருக்கும் உரிமை இல்லை. ரசீதே தராமல் கையில் பணம் வாங்கும் விடுதியில், நாளைக்கு முன்பணத்தைத் திருப்பிக் கேட்கும்போதும் நம்மிடம் ஆதாரம் இருக்காது. வங்கி வழியாகவோ ஜி-பே வழியாகவோ கட்டினால் கணக்கு நிற்கும்.

வரியைவிடப் பெரிய கேள்வி

வாடகை குறைவாக இருப்பது மட்டும் போதாது. விடுதி பாதுகாப்பாக இருக்க வேண்டும். இதற்கும் சட்டம் இருக்கிறது.

2014 ஜூனில் பொள்ளாச்சியில் ஒரு விடுதியில் தங்கியிருந்த சிறுமிகள் இருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகு, அதே ஆண்டில் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. இதன்படி மகளிர் விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரின் உரிமம் கட்டாயம். கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கான சான்றுகள் வேண்டும். பெண் காப்பாளர் இருக்க வேண்டும். நுழைவாயிலில் கண்காணிப்புக் கேமராவும், வந்து போவோர் பதிவேடும் வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்தினால் 2 ஆண்டுகள் வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

சட்டம் இருந்தும் மீறல்கள் நடந்தன. 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் பெண்கள் தங்கியிருந்த அறைகளில் ரகசியக் கேமரா வைத்ததாக விடுதி நடத்தியவரே கைது செய்யப்பட்டார். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு மகளிர் விடுதியில் விடியற்காலையில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்ததில், தங்கியிருந்த பெண்கள் உயிரிழந்தார்கள். பழைய கட்டடம் என்பதால் அதைக் காலி செய்யும்படி மாநகராட்சி முன்பே சொல்லியிருந்தது பிறகுதான் வெளியே பேசப்பட்டது.

இந்தச் செய்திகளைப் படித்ததும், “பிள்ளையை எங்கேயும் அனுப்ப வேண்டாம்” என்று முடிவெடுக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அவர்களது அச்சம் புரிகிறது. ஆனால் அந்த முடிவின் விலையைக் கொடுப்பவள் மகள்தான். பாதுகாப்பற்ற விடுதி நடத்தியவர் தப்பித்துக்கொள்ள, படிப்பை இழப்பவள் அவள். விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது சரியான கேள்விகளைக் கேட்பதுதான் நம் கையில் இருக்கும் வழி.

சேர்க்கும் முன் கேளுங்கள்

• ஆட்சியர் வழங்கிய உரிமம் இருக்கிறதா? அதன் காலம் முடிந்துவிட்டதா? நேரில் பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

• இரவில் காப்பாளர் விடுதியிலேயே தங்குகிறாரா? அவரது செல்போன் எண் உங்களிடம் இருக்கிறதா?

• தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி உண்டா? இரவில் அந்தக் கதவைப் பூட்டி வைக்கிறார்களா? ஜன்னல் கம்பிகளைத் திறக்க முடியுமா?

• கேமரா எங்கெங்கே இருக்கிறது? அறைக்குள்ளோ குளியலறைப் பக்கமோ இருக்கவே கூடாது.

• முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் தருகிறார்களா?

அரசே நடத்தும் விடுதிகளையும் பாருங்கள். பணிபுரியும் மகளிருக்கான ‘தோழி’ விடுதிகளை இதற்கெனத் தொடங்கிய அரசு நிறுவனம் நடத்துகிறது. அந்த விடுதி அமைந்த நகரங்களில் திருநெல்வேலியும் ஒன்று. வேலை கிடைத்து வரும் பெண்கள் தனியார் விடுதியில் முன்பணம் கட்டும் முன் அங்கே இடம் இருக்கிறதா என்று விசாரிப்பது நல்லது.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

ஒவ்வொரு பெற்றோரும் தனித்தனியாக விடுதி விடுதியாக ஏறி இறங்குவது சிரமம். மேலப்பாளையத்திலும் பாளையங்கோட்டையிலும் இருக்கும் நம் ஜமாஅத்துகளும் கல்வி வழிகாட்டி அமைப்புகளும், கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் மே, ஜூன் மாதங்களில் உரிமம் பெற்ற மகளிர் விடுதிகளின் பட்டியலை வாங்கி வைத்திருக்கலாம். அனுபவமுள்ள ஆலிமாக்களும் ஆசிரியைகளும் இரண்டு பேராகப் போய் விடுதிகளைப் பார்த்துவிட்டு வந்தால், வெளியூர்ப் பெற்றோருக்குப் பெரிய உதவி. சமுதாயமே மகளிர் விடுதி நடத்த முன்வந்தாலும் மகிழ்ச்சிதான். நல்ல நோக்கம் என்பதற்காக உரிமத்திலிருந்து விலக்கு கிடையாது. நம்மிடம் ஒப்படைக்கப்படும் பிள்ளைகள் அமானிதம் என்று சொல்லும் நாம்தான், தீயணைப்புச் சான்றையும் காப்பாளர் நியமனத்தையும் முதலில் சரியாகச் செய்ய வேண்டும்.

அந்த அறை அங்கே தங்கும் பெண்ணின் வீடு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, வரியை விலக்கியிருக்கிறது. சொந்த வீட்டில் நம் மகளுக்கு எந்தப் பாதுகாப்பை எதிர்பார்ப்போமோ, அதே பாதுகாப்பை அங்கேயும் கேட்டு வாங்குவோம். அடுத்த சேர்க்கைக்குப் பிள்ளையோடு புறப்படும் குடும்பங்கள் இந்தக் கேள்விகளையும் கையோடு எடுத்துச் செல்லட்டும்.