ஏர் பிடித்த வைக்கிங்குகள்

கி.பி. 876ஆம் ஆண்டுக்கு ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேட்டில் ஒரு சிறு செய்தி உண்டு. ஹால்ஃப்டன் என்ற டேனிய வைக்கிங் தலைவன் வட இங்கிலாந்தின் நார்தம்பிரியா நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டான். அவர்கள் உழத் தொடங்கினார்கள். 793இல் லிண்டிஸ்பார்ன் மடம் வைக்கிங்குகளால் சூறையாடப்பட்டதை உலகம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் இங்கிலாந்தை மாற்றியது அந்தக் கொள்ளையைவிட இந்த உழவுதான் என்பேன்.

வைக்கிங்குகள் 866இல் பிடித்த யார்க் நகரில், கொப்பர்கேட் தெருவை 1976 முதல் 1981 வரை அகழ்ந்தார்கள். அங்கே 'கேட்' என்றால் வாசல் அல்ல, வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழியில் தெரு. கொப்பர்கேட், மரக்கிண்ணம் கடைபவர்களின் தெரு. ஈரமண் எதையும் மக்கவிடவில்லை. கடைசல் பட்டறைக் கழிவு, தோல் செருப்பு, கொம்புச் சீப்பு, பால்டிக் கடலோர அம்பர், செங்கடல் சோழி, கிழக்கிலிருந்து வந்த பட்டில் தைத்த குல்லா என்று சுமார் 40,000 பொருள்கள் கிடைத்தன. பத்தாம் நூற்றாண்டு யார்க் நாணயம் ஒன்றில் புனித பேதுருவின் பெயரும் தோர் தெய்வத்தின் சுத்தியலும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டு சாமிகளும் ஒரே வெள்ளிக்காசில் புழங்கிய ஊர் அது.

டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்னும் பெயர்களின் 'பி', நார்ஸ் மொழியில் குடியிருப்பு. முட்டையைக் குறிக்கும் 'எக்', கத்திக்கு 'நைஃப்', வானத்துக்கு 'ஸ்கை', சட்டத்துக்கு 'லா' எல்லாம் ஆங்கிலத்துக்கு அவர்கள் தந்தவை. 'விண்டோ' என்பது காற்றின் கண். காற்று வரும் வழி என்று நம் முன்னோர் ஜன்னலைக் காலதர் என்றது நினைவுக்கு வருகிறது.

எனக்குப் பெரிய வியப்பு, ஆங்கிலம் அவர்களிடமிருந்து பெற்ற 'தே', 'தெம்' என்னும் சொற்கள்தான். 'அவர்கள்' என்று சுட்டும் சொல்லை ஒரு மொழி எளிதில் கடன் வாங்காது. வரப்புத் தகராறிலும் சந்தைப் பேரத்திலும் பெண் கொடுத்து எடுத்த வீடுகளிலும் இரு மொழிகள் தலைமுறைக்கணக்கில் கலந்து பேசப்பட்டிருக்க வேண்டும்.

954இல் யார்க்கின் கடைசி வைக்கிங் அரசன் எரிக் துரத்தப்பட்டான். குடியேறியவர்கள் எங்கும் போகவில்லை. கொப்பர்கேட்டில் அவர்கள் ஊன்றிய வேலிக்கோடுகளே பின்வந்த பல நூற்றாண்டுகளுக்கும் மனைகளின் எல்லையாக இருந்தன.