உங்களுக்குத் தெரியுமா? ஆஸ்கர் மீனுக்கு எத்தனை அடி இடம் வேண்டும்?

● சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் 2 அங்குல ஆஸ்கர் குஞ்சைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும். நல்ல தீனியும் சுத்தமான தண்ணீரும் கிடைத்தால் அதே குஞ்சு ஓராண்டில் 10 அங்குலத்தை எட்டிவிடும். பிறகு ஓரடியையும் தாண்டும். பத்தாண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். எல்.கே.ஜி. போகும் பிள்ளை ஆசைப்பட்டதென்று வாங்கினால், அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும்போதும் மீன் கூடத்தில் இருக்கும். வாங்கும்முன் குஞ்சைப் பார்க்காதீர்கள். வளர்ந்த மீனைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

● “தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்” என்பதை நம்பவே நம்பாதீர்கள். சின்னத் தொட்டியில் மீன் வளராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், கழிவு தேங்கிய தண்ணீரில் அதன் உடல் நலிந்துபோவதுதான்.

● ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன், ரெட் டெவில், ஜாகுவார் எல்லாம் சிக்லிட் என்ற ஒரே குடும்பம். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று நம் ஏரி குளமெங்கும் பெருகிக் கிடக்கும் ஜிலேபிக் கெண்டையும் இதே குடும்பம்தான். கேரளத்தின் மாநில மீனான கரிமீனும் சிக்லிட். ஆனால் அது இந்த மண்ணிலேயே பிறந்தது. இந்தக் குடும்பத்து மீன்களுக்குத் தொண்டைக்குள் இன்னொரு ஜோடித் தாடை உண்டு. இரையை நசுக்குவது அந்த உள்தாடையின் வேலை. முன்வாய் பிடிக்கவும் கடிக்கவும் குழி பறிக்கவும் பயன்படுகிறது. சண்டையில் இரண்டு மீன்கள் வாயோடு வாய் கவ்விக்கொண்டு இழுபறி செய்வதும் அந்த வாயால்தான்.

● ஒரே ஒரு ஆஸ்கருக்குக் குறைந்தது 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள தொட்டி வேண்டும். 2 அடி அகலம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஓரடி மீன் கண்ணாடியில் இடிக்காமல் உடம்பைத் திருப்ப வேண்டுமல்லவா? ஜாகுவார் ஜோடி என்றால் 6 அடிக்குக் குறைந்து யோசிக்க வேண்டாம். உயரத்துக்காகக் காசைச் செலவழிக்காதீர்கள். இந்த மீன்கள் பங்குபோட்டுச் சண்டை பிடிப்பது தரைக்காகத்தான். நிகரகுவா, கோஸ்டா ரிகா பக்கத்து டோவி சிக்லிட் 2 அடிக்கும் மேல் வளரும். அது வீட்டில் வைக்கும் மீனே அல்ல என்பது என் உறுதியான கருத்து.

● 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் கொண்ட தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் சுமார் 450 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 450 கிலோ. கண்ணாடி, மணல், கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டிவிடும். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875-ன்படி, வீட்டு அறைகளின் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ சுமை தாங்கும் கணக்கில் கட்டப்படுகிறது. 2 அடி உயரத் தண்ணீரோ சதுர மீட்டருக்கு 600 கிலோ. தளம் சுமையைச் சுற்றிலும் பரப்பிக்கொள்ளும் என்பதால் உடனே இடிந்து விழாது. ஆனாலும் மாடிவீட்டில் அறையின் நடுவே வைக்காமல், பீம் ஓடும் சுவரோரமாக வையுங்கள். 6 அடித் தொட்டி என்றால் பொறியாளரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தொட்டிக்கு அடியில் தெர்மகோல் ஷீட் விரிக்க மறக்காதீர்கள். பலகையில் ஒரு சின்ன மேடு இருந்தாலும் அடிக்கண்ணாடி அங்கிருந்துதான் விரியும்.

● இந்த மீன்களின் கோபத்தைப் புரிந்துகொள்ள ஒரு தடுப்புக் கண்ணாடி உதவியது. 1973-ல் நோபல் பரிசு பெற்ற ஆஸ்திரிய விலங்கியலாளர் கோன்ராட் லோரன்ஸ், விலங்குகளின் ஆவேசம் பற்றி 1963-ல் வெளியிட்ட நூலில் இதைச் சொல்கிறார். ஒரு சிக்லிட் ஜோடியை மட்டும் தனியே ஒரு தொட்டியில் விட்டால், ஆண் மீன் தன் இணையையே தாக்கத் தொடங்கும், கொன்றும் போடலாம். துரத்த வேறு மீன் இருந்தால் கோபம் அங்கே போய்விடும். அதனால் பெரிய தொட்டியின் நடுவே கண்ணாடி வைத்து, இருபக்கமும் ஒவ்வொரு ஜோடியை விடுவார்கள். ஆண்கள் கண்ணாடி வழியே ஒன்றையொன்று பார்த்து விறைத்துக்கொண்டு நிற்கும். தத்தம் இணையிடம் அமைதியாக இருக்கும். நாளாக ஆகக் கண்ணாடியில் பாசி படர்ந்து மறுபக்கம் மங்கியது. உடனே ஆண் தன் பெண்ணிடம் முரட்டுத்தனம் காட்ட ஆரம்பித்தது. பாசியைத் துடைத்ததும் சண்டை மறுபடி அடுத்த வீட்டுக்காரனிடம் போய்விட்டது!

ஜோடி வளர்ப்பவர்களுக்கு இதில் நல்ல பாடம் இருக்கிறது. பெரிய ஆணையும் பெரிய பெண்ணையும் கடையிலிருந்து கொண்டுவந்து ஒரே தொட்டியில் கொட்டாதீர்கள். ஐந்தாறு குஞ்சுகளைச் சேர்த்து வளர்த்து, அவையாகவே ஜோடி சேர்ந்தபின் மற்றவற்றைப் பிரித்துவிடுவதுதான் பழைய, நம்பகமான வழி. அதற்குப் பிறகும் பெண் மீன் மட்டும் நுழையுமளவுக்கு ஓட்டை விட்ட ஒரு தடுப்பு இருக்கட்டும். பெண்ணின் உயிர் பல சமயம் அந்த ஓட்டையில்தான் இருக்கிறது.

● மீன் சண்டையை மற்ற மீன்கள் சும்மா வேடிக்கை பார்ப்பதில்லை. தங்கனிக்கா ஏரியின் பர்ட்டோனி என்ற சிறிய சிக்லிட்டை வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. 2007-ல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. யார் யாரை ஜெயிக்கிறார்கள் என்று அடுத்தடுத்து சில சண்டைகளை ஒரு மீனுக்குக் காட்டினார்கள். தன் கண்ணெதிரே ஒருபோதும் மோதாத இரண்டு மீன்களில் யார் சளைத்தவர் என்பதை அது கணித்து, அவர் பக்கம் போய் நின்றது.

● நிகரகுவாவின் மைடாஸ் சிக்லிட்டில் பெரும்பாலானவை சாம்பல் நிறம். சில மட்டும் வளர வளரப் பொன்னிறமாகிவிடும். ஒரே அளவுள்ள சாம்பலும் பொன்னும் மோதினால் பொன்னிறமே ஜெயிக்கிறது என்று கண்டவர் கலிஃபோர்னியாப் பேராசிரியர் ஜார்ஜ் பார்லோ.

● வாஸ்து மீன் என்று விற்கப்படும் ஃப்ளவர்ஹார்ன் எந்த ஆற்றிலும் பிறந்ததல்ல. 1990-களில் மலேசியாவில் பல மத்திய அமெரிக்க சிக்லிட்களைக் கலந்து உருவாக்கியது. இதற்குத் துணை தேட வேண்டாம். தனியாக இருப்பதே அதற்கு நிம்மதி.

● புதுத் தொட்டிக்கு மாற்றியதும் ஆஸ்கர் ஒருக்களித்துப் படுத்துவிட்டதா? பதறாதீர்கள். கண் அசைகிறதா, செவுள் சீராக மூடித் திறக்கிறதா என்று பாருங்கள். ஊடல்தான்! விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடியைத் தட்டாமல் விடுங்கள், தானாக எழும். மூச்சு வாங்கினாலோ, மேல்மட்டத்தில் வந்து வாயைத் திறந்தாலோ, அது ஊடல் அல்ல. உடனே தண்ணீரைக் கவனியுங்கள்.

● கல்லை மணல்மேல் வைக்கக் கூடாது. முதலில் கல்லைத் தொட்டியின் அடித்தளத்தில் உட்கார வைத்து, பிறகு மணலைப் போட வேண்டும். இந்த மீன்கள் வாய் நிறைய மணலை அள்ளி, நாலு விரற்கடை தள்ளிப்போய்த் துப்பும். இப்படியே ஒரே ராத்திரியில் கல்லின் அடியைக் காலி செய்துவிடும். சாய்ந்த கல் மீனையும் நசுக்கும், கண்ணாடியையும் உடைக்கும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களில் ஹீட்டர் தேவைப்படும். அதற்கு உறை போடுங்கள், கோபத்தில் இடித்தே உடைத்துவிடும். மூடி அவசியம், இவை துள்ளும்.

● புது மீனை விடும்போது கல், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றி வையுங்கள். பழைய மீனுக்கும் எல்லை புதிதாகிவிடுவதால் வந்தவனை உடனே அடித்து விரட்டாது.

● பெரிய மீன் என்றால் பெரிய கழிவு. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். புதுத் தொட்டியில் இவை நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். ஃபில்டரை வாங்கி மாட்டிய அன்றே ஆஸ்கரை விடுவது அதைத் தன் கழிவிலேயே மூழ்க வைப்பது. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்காவது தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரினை முதலில் நீக்குங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசினால் பாக்டீரியாவும் போய்விடும். தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

● தீனிக்கென்று உயிருள்ள தங்கமீன்களைப் போடாதீர்கள். தங்கமீனின் உடலில் உள்ள தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். ஒட்டுண்ணியும் கூடவே வரும்.

● சிக்லிட் குடும்பத்தின் பீக்காக் பாஸ், பனாமா கால்வாயின் காதூன் ஏரிக்குள் 1967 வாக்கில் நுழைந்தது. சில ஆண்டுகளில் பல உள்ளூர் மீன்வகைகள் ஏறத்தாழ இல்லாமலே போயின. அவற்றைத் தின்று வாழ்ந்த நீர்ப்பறவைகளும் குறைந்தன. வளர்ந்த ஆஸ்கரை வைத்துக்கொள்ள முடியாவிட்டால் ஏரியிலோ கோயில் குளத்திலோ தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வாங்கிய கடையில் கேளுங்கள். பணம் எதிர்பார்க்காமல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு. பெரிய தொட்டி வைத்திருக்கும் வளர்ப்பாளர் யாரிடமாவது சேர்த்துவிடுவது அதைவிட நல்லது.